ஊர் ஊராய்ப் போகும் உதைபந்து வீரன்

மாலை ஐந்து மணிக்குமேல் கொம்பனித்தெருவுக்குள் காலடி வைப்பவர் எவரும் பந்தின் ஓசையைக் கேளாமல் வெளியேற முடியாது. மலே வீதியிலுள்ள சிற்றி லீக் மைதானத்திலும், பள்ளிவாசல் பக்கத்து ஒழுங்கைகளிலும், அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழே வாகனங்கள் நிறுத்தி எஞ்சிய இடத்திலும் சிறுவர்கள் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். வீடுகள் பல இடிக்கப்பட்டு, வானளாவிய மாளிகைகள் எழுந்துவிட்ட இந்நாளிலும் அந்த ஓசை மாத்திரம் இவ்வட்டாரத்தை விட்டுப் போகவில்லை.

சென்ற வாரம் அவ்வழியே நாம் நடந்து வருகையில், பழக்கமான அன்பர் ஒருவர் எம்மைத் தேநீர்க் கடையொன்றின் வாசலில் நிறுத்தினார். அச்சகமொன்றில் புத்தகம் கட்டும் வேலை செய்பவர். அவருக்கு ஒரே மகன்; வயது பத்தொன்பது; உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவன். முன்னணி வீரனாக நின்று பந்தாடுவதில் வட்டாரத்தில் பெயர் எடுத்தவன்.

“ஐயா, மாலைதீவிலே ஒரு கழகம் பையனைக் கூப்பிடுகிறதாம். ஆறு மாதத்துக்குத்தான். அதற்குப் பிறகு என்னடா என்று கேட்டால், வேறொரு கழகம் வரும் என்கிறான். அதற்குப் பிறகு? இன்னொரு கழகமாம். இது உத்தியோகமா, நாடோடிப் பிழைப்பா? வீட்டிலே அவன் தாய் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. போகட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார்.

எமக்கு அவ்விடத்தில் விடை வரவில்லை. “ஒரு கிழமை அவகாசம் தாருங்கள்” என்று மாத்திரம் சொல்லிவிட்டு வந்தோம். இவ்வாரம் நாம் எழுதுவது அவருக்குரிய விடைதான். ஆயினும் இத்தகைய மக்களைப் பெற்ற குடும்பங்கள் கொட்டாஞ்சேனையிலும் உண்டு, வெள்ளவத்தையிலும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உண்டு. ஆதலின் நேயர்கள் அனைவர் முன்னிலையிலும் அதனை வைக்கின்றோம்.

உதைபந்தாட்ட உலகில் இரு வகை வீரர்கள் உளர். ஒரு வகையினர் நட்சத்திரங்கள். அவர்களின் பெயரைச் சுவரிலே எழுதிவைப்பார்கள். அவர்கள் சட்டையின் இலக்கத்தைச் சிறுவர்கள் முதுகில் தாங்கித் திரிவார்கள். மற்ற வகையினரே தொகையில் மிகுந்தவர்கள். இவர்கள் ஒரு பருவம் ஒரு கழகம், மறு பருவம் மறு கழகம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள். கட்டடம் எழும் ஊர் எங்கேயோ அங்கே கொத்தனார் போகிறார் அல்லவா? அவ்வாறே கோல் தேவைப்படும் கழகம் எங்கேயோ அங்கே இவர்கள் போகிறார்கள். முன்னணி வீரனுக்கு இது இன்னும் பொருந்தும். பந்துக்காப்பாளன் பத்து ஆண்டு ஓரிடத்தில் நிற்கலாம். முன்னணி வீரனோ ஐந்து ஆட்டங்களில் கோல் போடவில்லையென்றால் ஆறாவது ஆட்டத்தில் வாங்கிலே அமர்த்தப்படுவான். பருவம் முடியும்போது வாசலைக் காட்டிவிடுவார்கள்.

இத்தகையோருள் ஒருவரின் கதையை முதலிற் சொல்வோம். பொஸ்னியா நாட்டில் விலாசெனிட்சா என்னும் சிற்றூரில் 1984ஆம் ஆண்டு பிறந்தவர் வேடாட் இபிஷெவிச். அவருக்கு எட்டு வயதாகும் முன்னமே 1992இல் அங்கே போர் மூண்டது. குடும்பம் பிறந்த ஊரை விட்டு டுஸ்லா நகருக்கு ஓடியது. 2000ஆம் ஆண்டிலே சுவிட்சர்லாந்துக்குச் சென்றது. அங்கும் நிலைக்க இயலாமல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரை அடைந்தது. பொஸ்னிய அகதிகள் பெருந்தொகையாகக் குடியேறிய நகரம் அது. பதினாறு வயதுப் பையனுக்கு மூன்றாவது நாடு, மூன்றாவது மொழி. எங்கள் மக்களில் எத்தனை குடும்பங்களுக்கு இக்கதை அந்நியமானது?

சென் லூயிஸ் பல்கலைக்கழக அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை, பாரிஸ் நகரத்துப் பெருங்கழகமான பாரிஸ் சென் ஜெர்மேனின் பயிற்சியாளர் கண்டு 2004இல் அழைத்துச் சென்றார். அப்பயிற்சியாளர் வாஹித் ஹலில்ஹோஜிச்சும் பொஸ்னியரே. ஆனால், பாரிஸில் இளைஞருக்கு இடம் கிடைத்தது அருமை. அடுத்த ஆண்டு பிரான்சின் இரண்டாம் பிரிவிலே டிஜோன் கழகம். அதற்கடுத்து ஜேர்மனியில் ஆஹன் கழகம். அந்தப் பருவத்தின் முடிவில் அக்கழகம் முதற் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. மூன்று ஆண்டுகளில் மூன்று கழகங்கள். இந்த இடத்தில் எமது அன்பர் அவரைக் கண்டிருந்தால், “இது நாடோடிப் பிழைப்பு” என்றே முடிவு கட்டியிருப்பார்.

2007இல் இரண்டாம் பிரிவில் இருந்த ஹொபன்ஹைம் என்னும் கழகத்துக்குப் போனார். மறு ஆண்டு அக்கழகம் முதற் பிரிவுக்கு ஏறியது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 17 ஆட்டங்களில் 18 கோல்கள் போட்டு, ஜேர்மனி முழுவதையும் இபிஷெவிச் திரும்பிப் பார்க்க வைத்தார். புதிதாக மேலேறிய கழகம் பட்டியலின் தலைப்பிலே நின்றது. நேயர்களே, அடுத்து நிகழ்ந்ததைக் கவனியுங்கள். 2009 ஜனவரியில், புள்ளிப்பட்டியலில் சேராத ஒரு நட்பு ஆட்டத்தில், அவரது முழங்காலின் தசைநார் அறுந்தது. அந்தப் பருவமே அவருக்கு முடிந்துவிட்டது. பாதி ஆண்டில் உச்சிக்கு ஏறியவர், மீதி ஆண்டு முழுவதும் கட்டுப் போட்ட காலோடு இருந்தார்.

ஆயினும் மீண்டு வந்தார். ஸ்டுட்கார்ட், ஹெர்த்தா பேர்லின் என்று மேலும் கழகங்கள் மாறினார். 2013ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள், லித்துவேனியாவின் கௌனஸ் நகரில் அவர் போட்ட ஒற்றைக் கோல், பொஸ்னியாவை முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டிக்கு அனுப்பிவைத்தது. மறு ஆண்டு பிரேஸிலின் மரக்கானா அரங்கில் ஆர்ஜென்டீனாவுக்கு எதிராகப் பதிலாளாக இறங்கி, உலகக் கிண்ணத்தில் தம் நாட்டின் முதற் கோலையும் அவரே போட்டார். ஆட்டம் 2–1 எனத் தோல்வியில் முடிந்தது. ஆனால், அந்தக் கோலை எந்தத் தோல்வியாலும் அழிக்க முடியாது. பாரிஸிலே ஒதுக்கப்பட்ட பையன், ஒரு நாட்டின் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டான். இறுதியாக 2020இல் ஷால்க்க கழகத்தில் சேர்ந்தபோது, தம் அடிப்படைச் சம்பளத்தை அறப்பணிக்கு அளிப்பதாக அறிவித்தார். அங்கே சில மாதங்களே இருந்தார். பின்னர் ஹெர்த்தாவின் பயிற்சிக் குழுவிற் சேர்ந்தார். ஓடிய கால்கள் ஓய்ந்த பின்பும் கற்ற தொழில் கைவிடவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

“பொஸ்னியா எங்கே, கொம்பனித்தெரு எங்கே?” என்று நேயர்கள் கேட்கக்கூடும். தூரம் நாம் நினைக்குமளவு அன்று. இபிஷெவிச் ஹெர்த்தாவுக்கு ஆடிய பேர்லின் நகரில் மற்றொரு கழகம் உண்டு. அதன் பெயர் யூனியன். அதன் இளைஞர் அணியில் வளர்ந்தவர், 1994இல் பேர்லினிற் பிறந்த இலங்கைக் குடும்பத்துப் பிள்ளை வசீம் ராசிக். அவரும் ஊர் ஊராய்ப் போனவரே. மக்டபூர்க், எர்பூர்ட் என்று ஜேர்மனியின் மூன்றாம் பிரிவுக் கழகங்களில் ஆடிய பின்னர், தம் பெற்றோரின் நாட்டுச் சட்டையை அணிந்தார்; இங்கே அப் கன்றி லயன்ஸ் கழகத்துக்கும் ஆடினார்.

2021 ஜூன் மாதம் தென்கொரியாவின் கோயாங் நகரில் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்கள் நடைபெற்றன. லெபனானுக்கு எதிரான ஆட்டத்தில் ராசிக் பத்தாவது நிமிடத்திலே ஒரு கோலும், பிற்பாதியில் தண்டனை உதை மூலம் மற்றொன்றும் போட்டார். இலங்கை 3–2 என்ற கணக்கில் தோற்றது. தகுதிகாண் இரண்டாம் சுற்றில் இலங்கையின் கணக்கில் நின்ற கோல்கள் மொத்தம் இரண்டு. அவ்விரண்டும் ராசிக்கின் கோல்களே. எதிரணிகள் இலங்கைக்கு எதிராகப் போட்டவையோ இருபத்துமூன்று. தோற்ற அணியின் முன்னணி வீரன் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. அன்று அணியின் பயிற்சியாளராக இருந்தவர் பொஸ்னிய வழிவந்த அவுஸ்திரேலியரான அமீர் அலாகிச். ஊர் விட்டு ஊர் வந்த பயிற்சியாளர், நாடு விட்டு நாடு வந்த வீரர், இருவரும் சந்தித்த இடம் மூன்றாவது ஒரு நாடு.

அதே ஆண்டு நவம்பரில் கொழும்பு குதிரைப் பந்தயத் திடல் அரங்கில் நான்கு நாடுகளின் போட்டி நடந்தது. மாலைதீவுடன் இலங்கை 4–4 எனச் சமநிலை கண்டது; பங்களாதேஷை 2–1 என வென்றது; இறுதியாட்டத்தில் சீஷெல்ஸுடன் 3–3 என நின்று, தண்டனை உதைகளிலே கிண்ணத்தை இழந்தது. நீண்ட காலமாக அரங்கை மறந்திருந்த குடும்பங்கள் அந்நாட்களில் பிள்ளைகளோடு உதைபந்தைப் பேசின.

இதற்கு முன்னும் எமது வீரர்கள் வெளியே போகாமலில்லை. 1980களில் பாகிர் அலி டாக்கா நகரத்து அபஹானி கழகத்துக்கு ஆடிப் பெயர் பெற்றார். பிற்காலத்தில் அவரே இலங்கை அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். அவருக்குப் பின் அப்பொறுப்புக்கு வந்தவர்தான் நாம் மேலே சொன்ன அலாகிச்.

இனி மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். உள்ளூரிலே இருந்து இவ்வாட்டத்தால் வயிறு வளர்ப்பது எளிதன்று. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளிற் சேர்ந்தால் மாதச் சம்பளமும் பிற்கால ஓய்வூதியமும் உண்டு. ஆதலால் ஆற்றலுள்ள பலர் அவ்வழியே போனார்கள். ஜாவா லேன், கொட்டாஞ்சேனையின் இரட்ணம், சோண்டர்ஸ், ரினோன் முதலிய கழகங்கள் தலைமுறை தலைமுறையாக வீரர்களை ஆக்கித் தந்திருக்கின்றன. ஆனால், அங்கே அன்பு உண்டு, ஆரவாரம் உண்டு; ஒரு குடும்பத்தைத் தாங்கும் ஊதியம் அரிது. 2021இல் பத்துக் கழகங்களோடு தொழில்முறைப் போட்டியாக ‘சுப்பர் லீக்’ தொடங்கியபோது நம்பிக்கை பிறந்தது. ஆயின் 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபா, வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி இலங்கையை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டிலேதான் தடை நீங்கியது. நிர்வாகிகளின் பிணக்குக்கு வீரர்கள் ஏழு மாதங்களைப் பலிகொடுத்தார்கள். இருபத்தைந்து வயது வீரனுக்கு ஏழு மாதம் என்பது எழுத்தருக்கு ஏழு மாதம் போன்றதன்று. அவனுடைய தொழிலுக்கு மொத்த ஆயுளே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள்தான்.

ஆகவே, பையன் வெளியே போக எண்ணுவது குற்றமன்று. அறியாமற் போவதே குற்றம். ஃபீஃபாவின் விதிகளுட் சிலவற்றை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்திருக்க வேண்டும்.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளையை வேறொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றுவது, சில விலக்குகள் நீங்கலாக, தடைசெய்யப்பட்டது. ஆகவே பதினைந்து வயதுப் பையனுக்கு வெளிநாட்டுக் கழகத்தில் இடம் பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்டு வாசலுக்கு வரும் தரகரை வாசலோடே அனுப்பிவிட வேண்டும்.

ஒப்பந்தம் எழுத்திலே இருக்க வேண்டும். குறைந்தது அந்தப் பருவம் முடியும்வரைக்கும், கூடியது ஐந்து ஆண்டுகளுக்கும் அது செய்யப்படலாம். வாய்மொழியாகச் சொன்ன வீடு, வாய்மொழியாகச் சொன்ன விமானச் சீட்டு, வாய்மொழியாகச் சொன்ன பரிசுத்தொகை ஆகியவை பந்து கோட்டைத் தாண்டும் முன் ஊதப்பட்ட விசில் போன்றவை, கணக்கில் வாரா. வீரன் ஒரு பருவத்தில் மூன்று கழகங்களிற் பதிவு செய்யப்படலாம். பொதுவாக இரண்டுக்கே ஆடலாம். ஆதலால் அவசரப்பட்டுக் கையெழுத்திட்டுவிட்டு, அடுத்த மாதம் மாறிக்கொள்ளலாம் என்று எண்ணுவது தவறு.

கழகம் இரண்டு மாதச் சம்பளத்தை முறைகேடாகக் கொடாமல் வைத்திருந்தால், வீரன் எழுத்து மூலம் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, அதன் பின்னும் பணம் வராவிடின், நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இவ்விதியை அறியாத இளைஞர்கள், “அடுத்த மாதம் தருவார்கள்” என்று நம்பி, ஊருக்குச் சொல்ல வெட்கப்பட்டு, அயல்நாட்டு அறையிற் பட்டினி கிடக்க நேரும். பிள்ளைகளே, சம்பளம் வராதது உங்கள் அவமானம் அன்று. அதனை வீட்டுக்கு எழுதுங்கள்.

இன்னொரு விதி, எமது சிறு கழகங்கள் கவனிக்க வேண்டியது. ஒப்பந்தக் காலத்திலேயே ஒரு வீரனை நாடு விட்டு நாடு, பணம் கொடுத்து ஒரு கழகம் வாங்கினால், அத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அவனைப் பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை பயிற்றிய கழகங்களுக்கு உரியது. பன்னிரண்டு முதல் பதினைந்து வரையுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் கால் வீதம். பதினாறு முதல் இருபத்துமூன்று வரையுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை வீதம். பத்து இலட்சம் ரூபாவுக்கு ஒருவன் மாற்றப்பட்டால், பதினாறு, பதினேழு, பதினெட்டு ஆகிய மூன்று வயதுகளில் அவனை வளர்த்த ஒழுங்கைக் கழகத்துக்குப் பதினையாயிரம் ரூபா சேரும். பெருந்தொகையன்று, ஆனால், பத்துப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுக்க உதவும். அதற்கு அக்கழகம் ஒன்று செய்திருக்க வேண்டும்: பையனை முறையாகப் பதிவு செய்து, ஏட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எத்தனை கழகங்களின் ஏடுகள் மழையில் நனைந்து போயினவோ!

இனி அன்பருக்கு விடை.

பையன் போகட்டும். ஆனால், பெறுபேறு வந்த பின் போகட்டும். சான்றிதழின் பிரதி பெட்டியில் இருக்கட்டும். ஒப்பந்தத்தைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டி, அவர் தமிழிலே வாசித்து விளக்கக் கேளுங்கள். கால் முறிந்தால் வைத்தியச் செலவு யாருடையது என்ற வரி அதில் இருக்கின்றதா என்று பாருங்கள், இல்லையேல் எழுதுவியுங்கள். பதினெட்டுக் கோல்கள் போட்டவருக்கே ஒரு நட்பு ஆட்டத்தில் முழங்கால் போயிற்று என்பதை மறவாதீர்கள். திரும்பிவரும் விமானச் சீட்டுக்கான பணத்தை அவன் தாயிடம் கொடுத்துவையுங்கள். இருபத்தைந்து வயதுக்குள் பயிற்சியாளருக்கான முதற் சான்றிதழையாவது பெறுவதாக அவனிடம் வாக்கு வாங்குங்கள்.

நீங்கள் கேட்ட “உத்தியோகமா, நாடோடிப் பிழைப்பா?” என்ற கேள்வி எம்மை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. நீங்கள் வாழும் தெருவையே எண்ணிப் பார்த்தோம். சாவகம் முதலிய தீவுகளிலிருந்து ஒல்லாந்தர் காலத்திலும் அதற்குப் பின்னும் கொண்டுவரப்பட்ட மலாய்ப் படைவீரர்களின் நினைவை மலே வீதியும் ஜாவா லேனும் ரைபிள் வீதியும் தாங்கி நிற்கின்றன. அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள். அவர்கள் சேவித்த ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டபோது வேலையிழந்தவர்கள். ஆனாலும் அவர்கள் மக்கள் இங்கே வேரூன்றினார்கள். உமது தெருவிலே அந்நியனாக வந்து பிழைக்காதவன் பரம்பரை எது?

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்று மாலை அன்பரின் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினோம். தாயார் அடுப்படி வாசலில் நின்று கேட்டார். மகன் தலை குனிந்திருந்தான். விதிகளை வாசித்தபோது அவன், “அந்தப் பதினைந்து நாள் விஷயம் எனக்குத் தெரியாது ஐயா” என்றான். அன்பர் வெகுநேரம் பேசவில்லை.

பின்னர், “என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். அவர் கையில் ஒப்பந்தக் கடுதாசி ஒன்றும் இருக்கவில்லை. இவனிடமாவது இருக்கிறதே” என்றார்.

தாயார் உள்ளே போய், மகனுக்கும் தமக்குமாக இரண்டு கோப்பைகளில் சோறு போட்டுக்கொண்டு வந்தார். நாம் விடைபெற்றுப் படியிறங்கியபோது, கீழே வெளிச்சம் மங்கிய முற்றத்தில் சிறுவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.